தறிக்குடோனில் ஓர் அட்டாலி: 336 சதுர அடி 67 ஆன நிகழ்வு ஆய்வு

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் ஒரு தோட்டத்து வீடு. வீட்டை ஒட்டி 24 அடி அகலம், 40 அடி நீளத்தில் ஓட்டுக் கூரை போட்ட தறிக்குடோன். கூலிக்குக் காடாத் துணி நெய்த விசைத்தறிகளை எடைக்குப் போட்ட பிறகு இரண்டு வருசமாகச் சும்மா கிடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மகன், அதையே வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். கீழே ஆசாரமும் (கூடம்) சமையலும், மேற்குக் கோடியில் மேலே ஒரு "லாஃப்ட்", அதற்கு ஸ்டீல் கைப்பிடி. இவ்வளவுதான் கேட்டார்.

அந்தச் சொல்லிலேயே முதல் குழப்பம் இருந்தது. நம் பக்கம் கொத்தனாரிடம் லாஃப்ட் என்றால், ஏழடி உயரத்தில் இரண்டடி அகலத்துக்குப் போடும் கான்கிரீட் பலகை என்றுதான் எடுத்துக்கொள்வார். அண்டா, குண்டா, பழைய பெட்டி வைக்கிற இடம். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் ஏறக்குறைய அதே பொருளில்தான் சொல்கிறது: லாஃப்ட் என்பது பொருள் வைப்பதற்கு, உயரம் 1.5 மீட்டருக்கு மேல் போகாது. ஆள் புழங்கும் இடைத்தளத்துக்கு அதில் பெயர் மெஸனைன், தலைக்கு மேல் குறைந்தது 2.2 மீட்டர் வேண்டும். மகன் கேட்டது இரண்டாவது. வீட்டு அப்பாருவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, இரண்டுமே அட்டாலிதான். இந்தக் கட்டுரை முழுக்க நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வரைந்தது ஸ்வீட் ஹோம் த்ரீடியில். பிரான்சைச் சேர்ந்த எம்மானுவேல் புய்பாரே எழுதிய இலவச, திறந்த மூல மென்பொருள். வீட்டு உள்ளமைப்புக்கு எனக்கு அதுவே போதும். இந்த வேலையில் நான் செய்த தவறுகளை வரிசையாக எழுதுகிறேன். எல்லாமே என் தவறுகள். மென்பொருள் கேட்டதைத்தான் செய்தது.

262 என்ற எண்

கீழ்த்தளம் வரைந்து முடித்து, புதுத் தளம் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். மென்பொருள் தானாகவே மேல்தளத்தை 262 செ.மீ. உயரத்தில் வைத்தது. கீழ்த்தளத்தின் இயல்பு உயரம் 250, தரைக் கனம் 12, கூட்டினால் 262. நான் மனதில் வைத்திருந்த அட்டாலி உயரம் 8 அடி 6 அங்குலம், அதாவது 259 செ.மீ. மூன்று சென்டிமீட்டர்தானே வித்தியாசம், 259 என்று திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

உயரம் தற்செயலாக ஒத்துப்போனதால்தான் கனம் கண்ணில் படவில்லை. 12 செ.மீ. என்பது ஏறத்தாழ ஐந்து அங்குலம். கான்கிரீட் சிலாபுக்கு அது சரி. இதுவோ இரும்பில் நிற்கப்போகும் தளம். பொறியாளர் கொடுத்தது 8 அங்குல ஐ பீம், அதன் முதுகில் 2 அங்குல பாக்ஸ் பைப், மேலே 18 மி.மீ. சிமென்ட் போர்டு, அதன்மேல் வினைல். எல்லாம் சேர்த்து 27 செ.மீ. தாண்டியது. என் படத்தில் அட்டாலிக்கு அடியில் 8 அடி 1 அங்குலம் இருந்த சமையல்கட்டு, உண்மையில் 7 அடி 7 அங்குலம்தான். சீலிங் ஃபேன் மாட்டிய அழகான படம் ஒன்றை வீட்டம்மாவுக்கு ஏற்கெனவே அனுப்பியும் இருந்தேன். அந்த உயரத்தில் ஃபேன் மாட்டினால் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்க முடியாது. பிற்பாடு சுவர் ஃபேனாக மாற்றினோம்.

இந்த மென்பொருளில் தளத்தின் உயரம் என்பது தரையின் மேல்மட்டம். கனம் அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கும். ஆகவே கனத்தை மாற்றினால் மேலே ஒன்றும் நகராது. அடியில் இருப்பவரின் தலைதான் நெருங்கும். மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வரை அது புலப்படவே புலப்படாது.

ஆசாரத்துக்கு ஒரு மூடி

அடுத்தது தரை. முதல் முயற்சியில் மேல்தளத்திலும் நான்கு சுவரையும் வரைந்துவிட்டு, அறைக் கருவியால் உள்ளே இருமுறை சொடுக்கினேன். சுற்றிச் சுவர் இருந்தால் அதற்குள் முழுவதும் தரை விரிந்துவிடும். 40 அடிக்கும் தரை விழுந்து குடோன் அப்படியே மாடி வீடாகிவிட்டது. திரும்ப அழித்து, வெளிச்சுவர்களையெல்லாம் கீழ்த்தளத்திலேயே முழு உயரத்துக்கு ஏற்றினேன்: பக்கச் சுவர்கள் 11 அடி, கிழக்கு, மேற்குச் சுவர்கள் இரண்டிரண்டு பாதியாக, ஒரு முனை 335 செ.மீ., மறுமுனை 518. சரிவுச் சுவருக்கு இரண்டு முனைக்கும் தனித்தனி உயரம் கொடுக்க இதில் வசதி உண்டு. மேல்தளம் வெறுமையாக நிற்க, அட்டாலிக்கு மட்டும் மூலைமூலையாகப் புள்ளி வைத்துத் தரை போட்டேன். அப்போது வைத்த ஆழம் 14 அடி. 24 பெருக்கல் 14, 336 சதுர அடி. மகனிடம் சொன்ன எண்ணும் அதுதான்.

அண்ணாந்து பார்க்கும் ஆசாரம் இன்னும் கிடைக்கவில்லை. வான்பார்வையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. உள்ளே நடந்து பார்க்கும் காட்சிக்குப் போய் நிமிர்ந்தால், எட்டடிச் சொச்சத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மூடி. கீழ் அறைக்குக் கூரை தெரியட்டும் என்ற குறியை எடுக்காமல் விட்டிருந்தேன். குறியை எடுத்தால் சமையல்கட்டின் கூரையும் சேர்ந்து போய்விடும். கீழ்த்தளத்தை இரண்டு அறையாகப் பிரிப்பதே வழி: அட்டாலிக்கு அடியில் உள்ளது கூரையோடு, மீதி கூரையில்லாமல். எல்லைக்கோடு அட்டாலியின் விளிம்புக்கு நேர் கீழே வரவேண்டும். ஐந்து நிமிட வேலை. கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

ஓட்டைப் பிளந்துகொண்டு நின்ற குழாய்

ஓட்டுக் கூரையை நீளமான பெட்டிகளைச் சாய்த்து வைத்து உண்டாக்கினேன். சுவர் மேல் 11 அடி, முகட்டில் 17 அடி. 12 அடிக்கு 6 அடி ஏற்றம் என்றால் சாய்வு 26.6 பாகை. உட்காட்சியில் அட்டாலிமேல் நடந்தால் வெகு விசாலமாக இருந்தது. இருக்காதா பின்னே, அந்தக் காட்சியில் நடப்பவருக்கு உடம்பு கிடையாது. சுவரில் புகுவார், ஓட்டில் புகுவார், எதுவும் இடிக்காது.

சந்தேகம் வந்து ஓர் உருளையை எடுத்தேன். உயரம் 178 செ.மீ., அப்பாருவின் 5 அடி 10 அங்குலம். முகட்டுக்கு நேர் கீழிருந்து வடக்கே ஏழடி தள்ளி நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து வீட்டைப் பார்த்தேன். ஓட்டைப் பிளந்துகொண்டு பத்து அங்குலம் வெளியே நின்றது உருளை, புகைபோக்கி மாதிரி.

கணக்கு லேசானது, போட்டுப் பார்க்கத்தான் இல்லை. முகட்டிலிருந்து ஓரடி விலகினால் அரையடி உயரம் குறையும். தரை 8 அடி 6 அங்குலத்தில் இருந்தால் முகட்டடியில் 8½ அடி, சுவரோரம் 2½ அடி. தலை இடிக்காமல் நிற்க 6½ அடி வேண்டுமென்றால், முகட்டுக்கு இரு பக்கமும் நான்கு நான்கு அடி. ஆக 24 அடி அகலத்தில் நின்று புழங்க 8 அடிதான் தேறுகிறது. 336 என்பது தரையில் மட்டும் உள்ள எண்.

"இங்கிருந்த சட்டம் எங்க கண்ணு?"

படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மகனும் மருமகளும் கைபேசியில் விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாரு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்காட்சிப் படம் ஒன்றை வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இங்க ஒரு சட்டம் இருக்குமே, அது எங்க?"

"எந்தச் சட்டமுங்க அப்பாரு?"

"டிரஸ்ஸுக்கு அடிச்சட்டம். பத்தடிக்கு ஒண்ணு போட்டிருக்கமல்ல. அதுலதான் டியூப்லைட் கட்டியிருந்துது."

டிரஸ் என்றால் ஓட்டுக் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம். குடோனுக்குள் போய் நிமிர்ந்து பார்த்தேன். மேற்குச் சுவரிலிருந்து சரியாகப் பத்தாவது அடியில், சுவர் உயரத்தில், 11 அடியில் குறுக்கே ஒரு மரச்சட்டம். என் அட்டாலித் தரைக்கு மேலே இரண்டரை அடியில், 14 அடி ஆழத்தின் நடுவில், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக. குனிந்தும் போக முடியாது, தாண்டியும் போக முடியாது. மென்பொருளின் பொருள் பட்டியலில் டிரஸ் இல்லை, நானும் வரையவில்லை, படத்தில் இல்லாததை எல்லோரும் மறந்துவிட்டோம், அதன் அடியில் முப்பது வருசம் தறி ஓட்டியவரைத் தவிர.

சட்டத்தை அறுக்கலாமா என்று மகன் கேட்டார். அடிச்சட்டம்தான் கூரையின் இரண்டு கால்களும் வெளியே அகன்று போகாமல் இழுத்துப் பிடிப்பது. அறுத்தால் ஓடு சுவரைத் தள்ளும். பொறியாளரிடம் கேட்கும் முன்பே அப்பாரு தலையாட்டிவிட்டார்.

அதன் பிறகு வடிவம் முழுக்க மாறியது. அட்டாலி டிரஸ்ஸுக்கு எட்டு அங்குலம் உள்ளேயே நின்றுவிட வேண்டும்: ஆழம் 9 அடி 4 அங்குலம். தலை உயரத்தைக் கொஞ்சமாவது மீட்க, பாக்ஸ் பைப்பைப் பீமின் முதுகில் ஏற்றாமல் பீம்களுக்கு நடுவிலேயே பொருத்தச் சொன்னார் பொறியாளர். இரண்டு அங்குலக் கனம் மிச்சமானது. தரையை 8 அடி 2 அங்குலத்துக்கு இறக்கினோம். அடியில் 7 அடி 5 அங்குலம். மேலே நின்று புழங்கும் அகலம் 8 அடியிலிருந்து 9 அடி 4 அங்குலமாகக் கூடியது.

படிக்கட்டும் இடம் மாறியது. நான் வடக்குச் சுவரை ஒட்டி ஆசாரத்திலிருந்து ஏற்றியிருந்தேன். அப்படி ஏறிப்போனால் முதலில் சட்டம் நெஞ்சில் இடிக்கும், அதைத் தாண்டினால் ஓடு தலையில் இடிக்கும். டிரஸ்ஸின் கோட்டை அட்டாலி உயரத்தில் எங்கேயும் கடக்க முடியாது என்பதால், படி அட்டாலிக்கு அடியிலேயே தொடங்கி, தரையில் வெட்டிய வாய் வழியாக முகட்டடியில் போய்ச் சேர வேண்டும். 98 அங்குல ஏற்றத்துக்கு ஏழு அங்குலமாக 14 ஏற்றம். மிதி 10 அங்குலமாக 13. கிடைநீளம் 10 அடி 10 அங்குலம். முகட்டுக்குத் தெற்கே இரண்டடியில் கரையேறும், அங்கே தலைக்கு மேல் 7 அடி 10 அங்குலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டியலில் உள்ள படிக்கட்டு மாதிரியில் படிகளின் எண்ணிக்கை மாறாது. உயரத்தை மாற்றினால் ஒவ்வொரு படியும் இழுபடும், அவ்வளவே. படத்தில் அழகாக நிற்கும் மாதிரியின் படிகளை எண்ணி வகுத்துப் பாருங்கள். குடியிருப்புக்கு விதித்தொகுப்பு சொல்லும் உச்சம் 190 மி.மீ. ஏற்றம், குறைந்தபட்சம் 250 மி.மீ. மிதி. முதலில் நான் வைத்திருந்தது அதைத் தாண்டியிருந்தது. இன்னொன்று: படியின் உச்சி மேல்தளத்தைத் தொட்டால் மென்பொருளே தரையில் வாய் வெட்டிக்கொடுக்கும். அது வெட்டுவது படியின் முழு நீளத்துக்கு. எங்களுக்கு முதல் மிதி தவிர்த்து 10 அடி போதும். அங்கே தலைக்கு மேல் 6 அடி 10 அங்குலம் இருந்தது. இரண்டாவது மிதியையும் தரைக்கு அடியில் விட்டிருந்தால் 6 அடி 3 அங்குலம் ஆகியிருக்கும்.

மொத்தத் தரை 224 சதுர அடி, வாய்க்குப் போனது 30. மீதியில் நிமிர்ந்து நடக்கும் இடம் 67. இந்த எண்ணைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் தயக்கம். மருமகள்தான் முதலில் ஒப்புக்கொண்டார்: நடுவில் மேசை, இரு ஓரமும் பாய் விரித்துப் படுக்க, சுவரோரம் ரஜாயும் பழைய பாத்திரமும். அதாவது பாதி மெஸனைன், பாதி அசல் அட்டாலி. 2.2 மீட்டர் உயரம் நடுவில் ஆறரை அடி அகலத்துக்குத்தான் வருகிறது என்பதால் படுக்கையறை என்று காட்டவே இல்லை.

கைப்பிடி

கைப்பிடியில் ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மகன் கேட்டது ஊரெல்லாம் போடும் எஸ்எஸ் பைப், கிடையாக ஐந்து வரிசை. நான் உடனே சரி என்றேன். காரணம், வரைவதற்கு அது லேசு: ஐந்து நீள உருளை, நாலு கம்பம், முடிந்தது. நெடுக்குக் கம்பி என்றால் ஒவ்வொன்றாக நட வேண்டும். அதற்கும் முன்னால், வெறும் மூன்றடி உயரச் சுவர் ஒன்றை இழுத்து அதையே கைப்பிடி என்று காட்டியிருந்தேன், இன்னும் லேசு என்று. வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான். கிடைக்கம்பி அவனுக்கு ஏணி. வரைபவரின் சோம்பல் கட்டடத்தில் போய் உட்காரும் என்பதை இந்த வேலையில்தான் நேரில் கண்டேன்.

நெடுக்காகவே மாற்றினோம். ஒரு கட்டத்தை மட்டும் வரைந்து, கம்பிகளைச் சம இடைவெளியில் பரப்பும் கட்டளையைக் கொடுத்து, குழுவாகச் சேர்த்து நகலெடுத்தால் போதும். தெற்கே 10 அடி நேர் ஓட்டம் மூன்று கட்டம். கட்டத்துக்கு 16 மி.மீ. சதுரக் கம்பி எட்டு, இடைவெளி 9.3 செ.மீ. ஏழாகக் குறைத்தால் 10.7 ஆகிவிடும். குழந்தைத் தலை நுழையாமலிருக்க நாலங்குலத்துக்குள், அதாவது 10 செ.மீ. அளவில் நிறுத்துவது பல நாடுகளில் உள்ள நடைமுறை. ஒரு கம்பியின் காசுக்காக அதை விடக் கூடாது. படிவாயைச் சுற்றியும் கைப்பிடி வேண்டும் என்பதால் ஓட்டம் 21 அடியிலிருந்து 27 அடியானது, படியின் சாய்வுக் கைப்பிடி தனி. ரன்னிங் அடிக் கணக்கில் கூலி என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

உயரம் 3 அடி 6 அங்குலம் என்று படத்தில் போட்டுக் கொடுத்தபோது வெல்டர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "எங்கிருந்துங்க?"

மென்பொருளில் கம்பம் எப்போதும் முடிந்த தரைமேல் நிற்கிறது. அவர் கம்பத்தைப் பற்றவைப்பதோ பீமின் மேல், போர்டும் வினைலும் வருவதற்கு முன்பு. இப்போதைய அமைப்பில் அந்த வித்தியாசம் ஓர் அங்குலத்துக்குள். பாக்ஸ் பைப் முதுகில் ஏறியிருந்த பழைய அமைப்பில் மூன்று அங்குலம். 3 அடி 6 அங்குலக் கைப்பிடி 3 அடி 3 அங்குலமாகி, விதித்தொகுப்பு கேட்கும் ஒரு மீட்டருக்கும் கீழே போயிருக்கும். அவர் வழக்கமாகப் போடும் மூன்றடி என்றால் பெரியவர் ஒருவரின் இடுப்புக்கும் கீழே. படத்தில் "முடிந்த தரையிலிருந்து" என்று எழுதி, பக்கத்தில் பீமிலிருந்து 3 அடி 7 அங்குலம் என்றும் எழுதினேன். டிரஸ் சட்டம் கைப்பிடிக்கு வெளியே எட்டு அங்குலத்தில், தரைக்கு மேல் 2 அடி 10 அங்குலத்தில் ஓடுகிறது. அப்பாரு அதில் மறுபடி டியூப்லைட் கட்டச் சொல்லிவிட்டார்.

மேற்குச் சுவரின் சன்னலைப் பற்றி ஒரு வரி: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று நேரே உள்ளே வர வேண்டும் என்பதற்காக வைத்தது. திசைகாட்டியில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து மாலை நான்கு மணிக்குப் படம் எடுத்துப் பார்த்தபோது வெயிலும் நேரே உள்ளே வந்தது. மரக்கதவு போட்டாயிற்று.

வேலை முடிந்து டேப் பிடித்துப் பார்த்தோம். கைப்பிடி 3 அடி 6 அங்குலம், நூல் பிசகவில்லை. தப்பியது வேறொன்று. படியின் சாய்வுக் கைப்பிடியை 35 பாகை சாய்த்த உருளையாகத்தான் வரைந்திருந்தேன், படிமூக்கிலிருந்து மூன்றடி உயரத்தில். அது மேலே வந்து மூன்றரை அடிக் கைப்பிடியைச் சேரும் இடத்தில் ஆறங்குலம் தாழ்ந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படத்தில் அந்த மூலையை நெருங்கிப் பார்க்கவும் இல்லை. வெல்டர் என்னைக் கூப்பிடவில்லை. மிச்சமிருந்த பைப்பில் ஒரு துண்டை எடுத்துக் கழுத்து மாதிரி வளைத்து இரண்டையும் ஒட்டிவிட்டார். பையன் ஏறும்போதெல்லாம் அந்த வளைவைத்தான் பிடித்துக்கொள்கிறான்.